வெளுத்துக்கொண்டே வந்த என் பிள்ளை

என் பையனுக்கு அப்போது 11 மாதம். சமையலறையில் தவழ்ந்து வந்து கரண்டியை எடுத்துக்கொண்டான். சூடாக இருக்குமே என்று பிடுங்கினேன், அவ்வளவுதான். வீறிட்டு ஒரு அழுகை, அப்புறம் சத்தமே இல்லை. வாய் திறந்தபடி இருக்கிறது, மூச்சு வரவில்லை. உதடு நீலமாகி, முகம் கறுத்து, உடம்பு விறைத்து, அப்படியே துவண்டு என் தோளில் சாய்ந்துவிட்டான். அத்தை பால் சொசைட்டிக்குப் போயிருந்தார்கள். என் வீட்டுக்காரர் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் இருந்தார். எங்கள் ஊர் திருச்செங்கோடு பக்கம். போர்வெல் வண்டிக்குப் போகும் ஆண்கள் ஐந்தாறு மாதம் கழித்துத்தான் வீடு திரும்புவார்கள். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து முகத்தில் தண்ணீர் தெளித்தார். அரை நிமிடம் இருக்கும், ஒரு பெருமூச்சு இழுத்து முழித்துப் பார்த்தான். அந்த அரை நிமிடத்தில் பிள்ளை போய்விட்டான் என்றே நினைத்துவிட்டேன். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

அதற்குப் பிறகு மூன்று மாதம் நான் பட்டது இன்னொருத்திக்கு வரக்கூடாது. அதற்காகத்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் தடவை வந்தபோது எல்லோரும் "பயந்திருப்பான், ஏங்கிப் போச்சு" என்றார்கள். கோயில் பூசாரியிடம் தூக்கிக்கொண்டு போய் வேப்பிலை அடித்து மந்திரித்தோம், தாயத்தும் கட்டினோம். அத்தை மனசுக்கு அது ஆறுதலாக இருந்தது, எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. ஆனால் ஆறாம் நாள் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை அவன் கை வெட்டி வெட்டி இழுத்ததைப் பார்த்தேன். இரவு பத்து மணிக்குக் கார் பிடித்து ஈரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு ஓடினேன். "பையனுக்கு வலிப்பு வந்துடுச்சு டாக்டர்" என்பதுதான் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. காய்ச்சல் இருந்ததா என்று கேட்டார்கள், இல்லை என்றேன். குடும்பத்தில் யாருக்காவது வலிப்பு உண்டா என்று கேட்டார்கள், என் சித்தப்பாவுக்கு உண்டு என்றேன். அன்றே அட்மிஷன். மறுநாள் மூளையின் மின்னலைகளைப் பார்க்கும் இஇஜி, அதற்கடுத்த நாள் மயக்க மருந்து கொடுத்து எம்ஆர்ஐ. இரண்டிலும் ஒன்றும் இல்லை. ஆனாலும் வலிப்புக்கு மருந்து எழுதிக்கொடுத்து, இரண்டு வருடம் விடாமல் கொடுக்கச் சொன்னார்கள்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் தங்கியதற்கு 9,400, இஇஜி 2,000, எம்ஆர்ஐ 7,500, மூன்று தடவை கார் வாடகை 4,500, இரண்டு மாத மருந்து 1,300, மந்திரித்தது தாயத்து எல்லாம் சேர்த்து 1,100. ஆக மொத்தம் 25,800 ரூபாய். இரண்டு பவுன் செயினை அடகு வைத்தேன், அதை மீட்க ஒன்பது மாதமானது. நான் தறிப்பட்டறையில் கணக்கு எழுதப் போய்க்கொண்டிருந்தேன், அந்த வேலையும் போனது. பணம் போனதைக்கூட மறந்துவிடலாம். அந்த மருந்தைக் குடித்துவிட்டுப் பையன் பகலெல்லாம் சொக்கிச் சொக்கி விழுந்ததை மறக்க முடியவில்லை. மருந்தும் கேட்கவில்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை மூச்சு நின்றுகொண்டேதான் இருந்தது. அழ விடக்கூடாது என்று அவன் கேட்டதையெல்லாம் கொடுத்தோம். பால் புட்டி கேட்டால் உடனே பால்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த மருத்துவமனையில் நான் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அவன் முதலில் அழுதான், அழுகையின் உச்சியில்தான் மூச்சு நின்றது. ஒரு தடவைகூட விளையாடிக்கொண்டிருக்கும்போதோ, தூக்கத்திலோ வரவில்லை. இது எனக்குத் தெரியும், ஆனால் முக்கியம் என்று தெரியாது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உங்கள் பிள்ளைக்கு இப்படி ஏதாவது வந்தால், வருவதற்கு முன் ஒரு நிமிடம் என்ன நடந்தது, யார் என்ன செய்தார்கள், அழுதானா, விழுந்தானா, எத்தனை நொடி நீடித்தது, தெளிந்த பிறகு ஆளை அடையாளம் தெரிந்ததா என்று எழுதி வையுங்கள். பக்கத்தில் யாராவது இருந்தால் போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பிள்ளை அப்படிக் கிடக்கும்போது வீடியோவா என்று தோன்றும். எடுத்துவிடுங்கள், அந்த முப்பது நொடி ஆயிரக்கணக்கில் செலவை மிச்சப்படுத்தும்.

இனி பால் கதைக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் கறவை மாடு உண்டு. பையனுக்கு 7 மாதம் ஆனபோது நான் வேலைக்குத் திரும்பினேன். பகலில் அத்தை பசும்பாலைப் புட்டியில் ஊற்றிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். எட்டு மாதத்துக்குள் என் பால் குறைந்து நின்றே போனது. பதினோரு மாதத்தில் ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடித்தான். சோறு ஊட்டினால் இரண்டு வாய், அப்புறம் துப்பிவிடுவான். "பால் குடிக்கறான்ல அம்மிணி, அதுல இல்லாத சத்தா" என்பார்கள் அத்தை. நானும் அப்படித்தான் நம்பினேன். பையன் கொழுகொழுவென்று இருந்தான். அங்கன்வாடியில் எடை போட்டால் அட்டையில் பச்சைப் பட்டைக்குள்தான் புள்ளி விழும். சொந்தக்காரர்கள் வந்தால், பிறந்தபோது கறுப்பாக இருந்தவன் எப்படி வெள்ளையாகிவிட்டான் பார் என்று கன்னத்தைக் கிள்ளுவார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. குழந்தை வெள்ளையாக வேண்டும் என்று நான் குங்குமப்பூ சாப்பிட்டவள். அவன் ரத்தம் குறைந்து வெளுத்துக்கொண்டிருக்கிறான் என்பது அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

மண் தின்றான். மாட்டுக் கொட்டகைப் பக்கம் இறக்கிவிட்டால் மண்ணை அள்ளி வாயில் போட்டுக்கொள்வான். சுவரில் உதிர்ந்த சுண்ணாம்பை நக்குவான். சாமி படத்தருகே தூக்கிப் போனால் திருநீற்றுக் கிண்ணத்துக்குள் கையை விட்டுவிடுவான். எல்லாக் குழந்தையும் செய்வதுதானே என்று விட்டுவிட்டோம். எந்நேரமும் சிணுங்கல், எதற்கெடுத்தாலும் கோபம். நடக்க வைத்தால் இரண்டு அடியில் உட்கார்ந்துவிடுவான். இவை ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு சமாதானம் இருந்தது.

அவனுக்கு 14 மாதம் ஆனபோது, பக்கத்து வீட்டுக் கர்ப்பிணிப் பெண்ணைப் பார்க்க எங்கள் கிராமத்து நர்ஸம்மா வந்தார். திண்ணையில் உட்கார்ந்திருந்த என் பையனின் கையை எடுத்துத் தன் உள்ளங்கையோடு சேர்த்து வைத்தார். "உன் கையையும் வை" என்றார். மூன்று கை. அவனுடையது வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், உள்ளே சிவப்பே இல்லை. அப்புறம் என்னிடம் கேட்டார், "ஆறாம் மாசம் இரும்புச்சத்து மருந்து பாட்டில் ஒண்ணு கொடுத்தனே, முடிஞ்சுதா?"

அந்தப் பாட்டில் அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. மூடியே திறக்கவில்லை. பல் கறுத்துவிடும், வயிறு கட்டிக்கொள்ளும் என்று யாரோ சொல்லி, அப்புறம் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்தது. 6 மாதம் முதல் 5 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் மருந்து அது. வாரத்துக்கு இரண்டு தடவை, ஒரு தடவைக்கு 1 மில்லி. அதில் 20 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 100 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. 50 மில்லி பாட்டில் ஆறு மாதத்துக்கு வரும். அதை எடுத்து வந்து நர்ஸம்மாவிடம் நீட்டியபோது நான் அழுத அழுகையைப் பார்த்து அவரே பயந்துபோனார். திட்டவில்லை. "நாளைக்கு அரசு ஆஸ்பத்திரிக்குப் போ, குழந்தை டாக்டர் இருப்பார், நான் எழுதித் தர்றேன்" என்றார்.

மறுநாள் போனேன். அந்த டாக்டர் பத்து நிமிடம் என்னிடம் பேசினார். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எவ்வளவு பால் குடிக்கிறான்?" இரண்டாவது, "மண் திங்கிறானா?" மூன்றாவது, "மூச்சு நிக்கறதுக்கு முன்னாடி அழுவானா?" மூன்றுக்கும் பதில் சொன்னேன். ரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 7.2. இந்த வயதில் 11 அல்லது அதற்கு ஒட்டி இருக்க வேண்டும், 7-க்குக் கீழே போனால் கடும் ரத்தசோகை என்றார். அந்தப் பரிசோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. வெளியே எடுத்திருந்தாலும் சில நூறு ரூபாய்தான். 25,800 ரூபாய் செலவழித்த நான், சாதாரண ரத்தப் பரிசோதனை ஒன்றை எடுத்தார்களா, அதில் என்ன வந்தது என்று கேட்டிருக்கவில்லை.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். வயிற்றில் இருக்கும்போது, முக்கியமாகக் கடைசி மூன்று மாதத்தில், அம்மாவிடமிருந்து குழந்தை இரும்புச்சத்தை வாங்கிச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அந்தச் சேமிப்பு ஆறு மாதம் அளவுக்குத்தான் தாங்கும். அதனால்தான் ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு இணை உணவும் கொடுக்கச் சொல்கிறார்கள். நான் கர்ப்பமாக இருந்தபோது எனக்கே ஹீமோகுளோபின் 8.9. கொடுத்த மாத்திரை குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பாதியை வீசினேன். என் பிள்ளை பிறக்கும்போதே பற்றாக்குறையோடு பிறந்திருக்கிறான். அதற்கு மேல் ஏழாம் மாதத்திலிருந்து பசும்பால். ஒரு லிட்டர் பசும்பாலில் இருக்கும் இரும்புச்சத்து அரை மில்லிகிராம் அளவுதான். ஒரு வயதிலிருந்து மூன்று வயது வரை ஒரு நாளைக்கு 8 மில்லிகிராம் வேண்டும் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு சொல்கிறது. பால் வயிற்றை நிரப்பிவிடும், பிள்ளைக்குச் சோறு இறங்காது. பாலில் உள்ள கால்சியம் மற்ற சாப்பாட்டில் உள்ள இரும்பையும் உடம்பில் சேர விடாது. சில கைக்குழந்தைகளுக்குப் பசும்பால் குடலை உறுத்தி, கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்தமும் கசியும். ஒரு வயதுக்கு முன் பசும்பாலைக் குடிக்கக் கொடுக்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒரு நாளைக்கு அரை லிட்டரைத் தாண்டக் கூடாது என்பதற்கு இத்தனை காரணம் இருக்கிறது. நாங்கள் மாடு வைத்திருக்கிறோம் என்ற நிம்மதியில் ஊற்றிக்கொண்டே இருந்தோம்.

மூச்சு நின்றதும் வலிப்பில்லை என்றார். கோபத்திலோ வலியிலோ அழும்போது சில குழந்தைகளுக்கு இப்படி மூச்சு பிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு மேல்தான் ஆரம்பிக்கும், ஐந்தாறு வயதுக்குள் தானாகவே நின்றுவிடும். கை கால் இரண்டு வெட்டு வெட்டி இழுப்பதும் அதில் வரக்கூடியதுதான். ரத்தசோகை இருக்கும் குழந்தைகளுக்கு இது அதிகம் வரும், இரும்புச்சத்து கொடுத்தால் பலருக்குக் குறைந்துவிடும் என்றார். அப்படி வரும்போது செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பிள்ளையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டுப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். குலுக்கக் கூடாது, வாயில் விரலோ கரண்டியோ தண்ணீரோ விடக் கூடாது, கையில் சாவிக் கொத்தைத் திணிக்கத் தேவையில்லை. ஒரு நிமிடத்தைத் தாண்டினாலோ, அழாமலேயே வந்தாலோ, தெளிந்த பிறகும் பிள்ளை மந்தமாக இருந்தாலோ, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையாக இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எப்படி இருந்தாலும் முதல் தடவை வந்ததுமே ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். இதயத்தில் கோளாறு இல்லை என்று உறுதிப்படுத்த எங்களுக்கு ஒரு இசிஜி எடுத்தார்கள். வலிப்பு மருந்தையும் அந்த டாக்டர் அன்றே நிறுத்தவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்தினார். அதை நாமாக ஒருபோதும் நிறுத்தக் கூடாது.

இரும்புச்சத்துச் சொட்டு மருந்து கொடுத்ததிலும் முதல் வாரம் தப்பு செய்தேன். கசப்பு தெரியாமல் இருக்கட்டும் என்று பாலில் கலந்து கொடுத்தேன். அப்படிக் கொடுத்தால் உடம்பில் சரியாகச் சேராது. சாப்பாட்டுக்கு முன், கொஞ்சம் சாத்துக்குடிச் சாறோடு கொடுக்கச் சொன்னார்கள். கன்னத்தின் உட்புறமாக, நாக்கின் பின்பக்கமாக விட்டு, பிறகு ஒரு வாய் தண்ணீர் கொடுத்தால் பல்லில் கறை அவ்வளவாகப் படியாது. படிந்தாலும் மேலோட்டமான கறைதான். மலம் கறுப்பாகப் போவது மருந்தால்தான், பயப்பட வேண்டாம். ஒவ்வொரு கம்பெனி மருந்திலும் ஒரு மில்லியில் இருக்கும் இரும்பின் அளவு வேறு வேறு. அதனால் கடைக்காரர் வேறு பாட்டில் கொடுத்தால் அப்படியே அதே அளவு ஊற்றிவிடாதீர்கள், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டிலைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், விளையாட்டாக எடுத்து மொத்தமாகக் குடித்தால் உயிருக்கே ஆபத்து.

பாலைக் குறைத்ததுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். புட்டியை எடுத்துவிட்டு, டம்ளரில் காலையில் 200, இரவில் 200 மில்லி மட்டும். நாலு நாள் ராத்திரி பகலாக அழுதான். அழுதால் மூச்சு நிற்குமே என்று எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அந்த நாலு நாளில் இரண்டு தடவை நின்றது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, அறுபது எண்ண ஆரம்பித்தேன். முதல் தடவை பதினெட்டு எண்ணும்போது அழுதான், அடுத்த தடவை இருபத்தைந்து. எண்ண ஆரம்பித்த பிறகுதான் என் பயம் குறைந்தது. சத்தீஸ்கரிலிருந்து அவர் போனில் "பால் கொடுத்துத் தொலையேன்" என்று சத்தம் போட்டார். கொடுக்கவில்லை. ஐந்தாம் நாள் மதியம் அவனாகவே என் தட்டில் கைவிட்டுச் சோற்றை எடுத்தான்.

அப்புறம் சாப்பாடு. நாமக்கல் மாவட்டத்தில் இருந்துகொண்டு, லோடு லோடாக முட்டை போவதைப் பார்த்துக்கொண்டே, சூடு என்று சொல்லி என் பிள்ளைக்கு ஒரு வயது வரை முட்டை கொடுக்காமல் இருந்திருக்கிறேன். இப்போது தினமும் ஒரு முட்டை. வாரத்தில் ஒருநாள் ஆட்டு ஈரலோ சுவரொட்டியோ (மண்ணீரல்) கொஞ்சமாக வேகவைத்து மசித்துச் சோற்றில் பிசைந்து கொடுத்தேன். பச்சைப்பயறு, கொள்ளுப் பருப்பு, முருங்கைக்கீரை, அதோடு இரண்டு சொட்டு எலுமிச்சை. புளிப்புள்ள பழமோ காயோ கூட இருந்தால் கீரையில் உள்ள இரும்பு நன்றாகச் சேரும். டீயில் வர்க்கியை நனைத்துக் கொடுப்பது எங்கள் வீட்டுப் பழக்கம், அதை அடியோடு நிறுத்தினோம். டீ இரும்பைச் சேரவிடாமல் தடுத்துவிடும். ஒரு டப்பா 480 ரூபாய் என்று இரண்டு டப்பா ஹெல்த் டிரிங்க் வாங்கி வைத்திருந்தேன், பாலில் கலந்து குடிப்பது அது. பிரிக்காத டப்பாவைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவு வீட்டிலேயே இருந்தது, உருண்டை பிடித்துக் கொடுத்தால் விரும்பிச் சாப்பிட்டான்.

ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 9 ஆனது. மூன்றாம் மாதம் 11.4. நன்றாக ஆகிவிட்டதே என்று மருந்தை நிறுத்தப் போனேன், கூடாது, தீர்ந்துபோன சேமிப்பும் நிறைய வேண்டும், இன்னும் இரண்டு மாதம் கொடு என்றார்கள். மூன்றாம் வாரத்திலேயே மண் தின்பதை விட்டுவிட்டான். மூச்சு நிற்பது மாதம் ஒன்றாகக் குறைந்து, ஒன்றரை வயதுக்குப் பிறகு வரவே இல்லை. நிறமும் பழையபடி கறுப்பாகிவிட்டது. எனக்கு அந்த நிறம்தான் வேண்டும்.

என் வீட்டில் மட்டும் நடந்தது என்று நினைக்காதீர்கள். 2019-21-இல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வில், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் இருக்கும் இந்தியக் குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்திருக்கிறது. மூன்று பிள்ளைகளில் இரண்டு. எடை சரியாக இருக்கிறது என்பதை வைத்து ரத்தம் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது, அட்டையில் பச்சைப் பட்டை அதைக் காட்டாது. இன்று பிள்ளை குளித்து முடித்ததும் வெளிச்சத்தில் உட்கார்த்தி, உள்ளங்கையை உங்கள் கையோடு வைத்துப் பாருங்கள், கீழ் இமையை மெல்ல இழுத்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். டாக்டரிடம் நாமாகக் கேட்பதில் தப்பே இல்லை.

அத்தையிடம் எனக்கு ஆரம்பத்தில் பெரிய கோபம் இருந்தது. இரண்டு மாதம் சரியாகப் பேசவில்லை. அவர் பெற்ற நாலு பேரில் ஒரு பிள்ளை ஒன்றரை வயதில் போனது, "அதுவும் வெளுத்து வெளுத்துத்தான் போச்சு அம்மிணி, எங்களுக்கு என்ன தெரியும்" என்று ஒருநாள் சொன்னார். அதற்கு மேல் எனக்குக் கோபப்பட முடியவில்லை.

இப்போது நான் மறுபடியும் கர்ப்பம், ஐந்தாம் மாதம். 60 மில்லிகிராம் இரும்பு மாத்திரை, தினமும் ஒன்று, 180 நாள், பிரசவம் ஆன பிறகும் 180 நாள். வெறும் வயிற்றில் குமட்டியதால் நர்ஸம்மாவிடம் கேட்டு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்கிறேன், கால்சியம் மாத்திரையை அதோடு சேர்க்காமல் காலையில். எட்டரை மணிக்கு அத்தை தண்ணீரும் மாத்திரையும் கொண்டுவந்து நீட்டுவார்கள். நான் விழுங்கும் வரை எதிரிலேயே நிற்பார்கள். அப்புறம் காலண்டரில் அன்றைய தேதி மேல் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் படுக்கப் போவார்கள்.